பள்ளியின் சுற்றுச்சூழல் குழுவில் பெற்றோர் தொண்டூழியராகச் சேர்ந்தால் உருப்படியாக ஏதாவது நடக்குமா?

சிங்கப்பூரில் மகளைத் தொடக்கநிலை ஒன்றில் (முதல் வகுப்பில்) சேர்ப்பதற்காகப் பக்கத்துப் பள்ளியில் தொண்டூழியராகப் பதிந்தீர்கள், அவர்கள் சுற்றுச்சூழல் குழுவில் போட்டுவிட்டார்கள், "படம் பிடித்துப் போடுவதைத் தவிர இதில் வேறு ஏதாவது உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் அது மேடைப் பக்கம் இல்லை, கேன்டீனில் தட்டு கொட்டும் வாளிப் பக்கம் இருக்கிறது.

நானும் அந்த 40 மணி நேரத்துக்காகத்தான் போனேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? 2பி என்பது பள்ளியில் தொண்டூழியம் செய்த பெற்றோர் போன்றோரின் பிள்ளைகளுக்கான பதிவுக் கட்டம். அதில் பதிய வேண்டுமானால் முந்திய ஆண்டு ஜூலை 1க்குள் சேர்ந்து, பதிவு ஆண்டின் ஜூன் 30க்குள் 40 மணி நேரத்தை முடித்திருக்க வேண்டும். முடித்தாலும் இடம் உறுதியில்லை, ஆள் அதிகமானால் குலுக்கல்தான். எங்களுக்குக் குலுக்கலில் கிடைத்தது. மகன் இப்போது தொடக்கநிலை நான்கு. நான் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன், வார நாளில் ஓய்வு வரும், அதனால் இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். எங்கள் குழுவில் ஆண்கள் மூன்றே பேர். மேசை நாற்காலி தூக்குவது யார் என்று கேட்காதீர்கள்.

முதல் ஆண்டு நாங்கள் செய்த கூத்தைச் சொல்கிறேன். ஆண்டிறுதிக் கொண்டாட்டத்துக்குப் பிளாஸ்டிக் பாட்டில்களால் ஆளுயர மரம் செய்வதாக ஏற்பாடு. பிள்ளைகள் கொண்டுவந்தது போதவில்லை. கடைசி வாரத்தில் நாங்களே பேரங்காடிக்குப் போய் இரண்டு கட்டு தண்ணீர்ப் பாட்டில் வாங்கினோம். குடிக்க முடிந்ததைக் குடித்துவிட்டு, மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு மரத்தை முடித்தோம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிற ஊரில்! பசையும் மினுமினுப்புத் தூளும் அப்பியிருந்ததால் அந்தப் பாட்டில்களை மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியிலும் போட முடியவில்லை. படம் மட்டும் அருமையாக வந்திருந்தது.

அடுத்தது உரம். இதிலும் அடிபட்டோம், நீங்கள் அடிபட வேண்டாம். கேன்டீனில் மிஞ்சிய சோறு, கோழி, குழம்பு எல்லாவற்றையும் தோட்டத்து உரத்தொட்டியில் கொட்டினோம். நான்காவது நாளே நாற்றம், ஈ, புழு. பக்கத்து வகுப்பறையிலிருந்து புகார் வந்தது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தோம். டெங்கிக் கொசுவுக்கு ஒரு நாணய அளவு தண்ணீர் போதும், ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். சுற்றுச்சூழல் குழுவே கொசு வளர்த்தது என்று வெளியே தெரிந்தால் மானம் போயிருக்கும். இப்போது பழக்கடையில் சீவும் பப்பாளி, அன்னாசித் தோல் மட்டும்தான் போடுகிறோம். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு. வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் தினமும் ஒரு மூட்டை கொட்டுகிறது, சருகுக்குப் பஞ்சமே இல்லை.

சரி, வாளிக்கு வருகிறேன்.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் இருப்பதை ஒரு வாளியில் வழித்துவிட்டுத் தட்டை அடுக்க வேண்டும். (என் மகன் இதைப் பள்ளியில் ஒழுங்காகச் செய்கிறான். வீட்டில் செய்யமாட்டான்.) அந்த வாளி எவ்வளவு எடை இருக்கும் என்று ஒரு பேச்சு வந்தது. என்னிடம் திருச்சிக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தது. நம் வீடுகளில் அது இல்லாத வீடு ஏது? மறுநாள் கொண்டுபோய் மாட்டித் தூக்கினேன். ஓர் இடைவேளைக்குப் பதினான்கு கிலோ. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஒருவன் மட்டும், "அங்கிள், இது எங்கே போகும்?" என்றான்.

பெரியவர்களே அதிகம் கேட்காத கேள்வி. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து பையைப் போட்டால் 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊரில் என் பாட்டி வீட்டுக் கொல்லையில் குப்பைக்குழி கண்ணெதிரே இருக்கும், நிறைவது தெரியும். இங்கே தெரிவதில்லை. எரி ஆலையில் எரிப்பார்கள், அளவு பத்தில் ஒரு பங்காகக் குறையும், சாம்பலைத் துவாஸிலிருந்து படகில் ஏற்றிக் கடலில் இருக்கும் செமாகாவ் குப்பை நிரப்புமிடத்துக்குக் கொண்டுபோவார்கள், 1999-ல் திறந்த அது 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள், நாட்டுக்கு இருக்கும் ஒரே நிரப்புமிடம் அதுதான் என்று சொன்னேன். அவன் விரல்விட்டு எண்ணினான். "அப்போ எனக்கு இருபத்தொரு வயசு" என்றான். அதற்கு மேல் எனக்கும் பேச்சு வரவில்லை.

சோறு ஏன் மிஞ்சுகிறது என்பதற்கு எங்களிடம் பதில் தயாராக இருந்தது: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாய் ருசி, அருமை தெரியவில்லை. சுவரொட்டி கூட எழுதியாயிற்று. இரண்டு வாரம் வாளிப் பக்கத்தில் நின்றபோதுதான் வேறு கதை தெரிந்தது. இடைவேளை அரை மணி நேரம். கோழிச்சோற்றுக் கடையில் வரிசை நீளம். கடைசியில் நிற்கும் பிள்ளை தட்டோடு வந்து உட்காரும்போது பத்து நிமிடம்கூட மிஞ்சாது. கோழியை மட்டும் விழுங்கிவிட்டு மணி அடித்ததும் சோற்றைக் கொட்டிவிட்டு ஓடுகிறது. அப்புறம், ஏழு வயதுப் பிள்ளைக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அகப்பைச் சோறு. கடைக்கார ஆன்ட்டியிடம் கேட்டேன். "குறைத்துப் போட்டால் ஏமாற்றுகிறேன் என்று பெற்றோர் சொல்வார்கள், கேட்டால் குறைக்கிறேன்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் தொடக்கநிலை ஒன்றுப் பிள்ளை, காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகப்பு மேசைக்கு மேலே கண் மட்டும் தெரிய நிற்கிறது. அதற்கு வாய் திறந்து கேட்கத் தைரியம் ஏது?

வழி கண்டுபிடித்தது தொடக்கநிலை ஐந்துப் பிள்ளைகள். அவர்களுக்கு வி.ஐ.ஏ (Values in Action) என்று பள்ளியில் ஒரு சமூக சேவைத் திட்டம் உண்டு. 1997-ல் வந்த பழைய சமூக ஈடுபாட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஆறு மணி நேரம் என்று கணக்கு இருந்தது. 2012-ல் அதை மாற்றி, பிள்ளைகளே ஒரு பிரச்சினையைக் கவனித்து இறங்கிச் செய்யட்டும் என்று இதைக் கொண்டுவந்தார்கள். (மணிக்கணக்கு இப்போது நமக்குத்தான்!) அவர்கள் பாதிக் கிண்ணம் வரைந்த சிறு அட்டைகளைச் செய்து வரிசையின் தொடக்கத்தில் தொங்கவிட்டார்கள். பேச வேண்டாம், அட்டையை எடுத்து நீட்டினால் போதும். மலாய்க் கடை மக்சிக்குக்கு (மலாயில் ஆன்ட்டி) அது மிகவும் பிடித்துப்போய், பிள்ளை அட்டையைத் தூக்குவதற்கு முன்பே "நாசி சிக்கிட்?" (சோறு கொஞ்சமா?) என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். வரிசை விஷயத்தைப் பள்ளி எடுத்துக்கொண்டது. கீழ் வகுப்புகளை ஐந்து நிமிடம் முன்னதாக விடுகிறார்கள்.

வாளி பத்து கிலோவுக்கு இறங்கியது. அதிசயமெல்லாம் இல்லை. ஜூன் விடுமுறை முடிந்து வந்தபோது பன்னிரண்டுக்கு ஏறியிருந்தது. அட்டைகளில் பாதியைக் காணவில்லை. திரும்பச் செய்தோம். ஒவ்வொரு தவணையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது, இதுதான் இந்த வேலையின் இலட்சணம்.

வகுப்பறைத் தாள் தொட்டியையும் உங்களிடம் கொடுப்பார்கள். பாதி குடித்த சோயா பால் பொட்டலம் ஒன்று அதில் விழுந்தால் மொத்தத் தாளும் வீண், டிஷ்யூ தாளை மறுபயனீடு செய்ய முடியாது, இவ்வளவுதான் சொல்லித்தர வேண்டும். நம் புளோக்குக்குக் கீழே இருக்கும் நீலத் தொட்டிகளில் விழுவதிலேயே சுமார் 40 விழுக்காடு அசுத்தமானது அல்லது ஆகாத பொருள், ஆகவே பிள்ளைகளை மட்டும் கடிந்து பயனில்லை.

உங்களுக்கு 40 மணி நேரம் இருக்கிறது. அதில் முப்பதை இடைவேளைகளுக்கு ஒதுக்கிக் கேளுங்கள், விழாக்களுக்கு ஆள் எப்படியும் கிடைப்பார்கள். முதல் சில நாள் எதையும் திருத்தாமல் சும்மா நின்று பாருங்கள். வீட்டில் இருக்கும் தராசை எடுத்துப்போங்கள், பிள்ளைகள் அதற்காகவே வாளியைச் சுற்றி வருவார்கள். முன்பக்கம் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், தரை வழுக்கும். வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம். மீ ரெபுஸ் (மலாய் நூடல்ஸ்) குழம்புக் கறை எதற்கும் போகாது, என்னிடம் இரண்டு சட்டை அப்படியே கிடக்கின்றன.