சூடானதும் நின்றுவிடும் பழைய கார்

கேள்வி: என்னுடைய 1950களின் கார் காலையில் உடனே கிளம்பிவிடுகிறது. ஆனால், அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் திணறி நின்றுவிடுகிறது. ஆறிய பிறகே மறுபடி ஓடுகிறது. பிளக்குகளையும், அவற்றில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும் மாற்றியும் பயனில்லை. காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டுகளை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திவிடலாமா?

பதில்: பொருத்தலாம், ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் பொருத்தினால் அதே தொல்லை தொடரக்கூடும். கார் நின்றதும், அது ஆறுவதற்குள், காயிலிலிருந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் நடு ஒயரைக் கழற்றி, இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் பிடித்து, கார்புரேட்டருக்கு எட்டாத இடத்தில் எஞ்சின் உலோகத்திலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளி வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் சடசடவென்று பொறி பாய்ந்தால், பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். பொறி மஞ்சளாக மெலிந்திருந்தாலோ, வராமலே போனாலோ, என் முதல் சந்தேகம் கண்டென்சர் மீதுதான்.

பாயிண்ட் திறக்கும் கணத்தில் மின்னோட்டம் அந்த இடைவெளியிலேயே பொறியாக வீணாகாமல் தடுத்து, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிய வழிசெய்வது கண்டென்சர். அதன் உள் இன்சுலேஷன் தளர்ந்துவிட்டால் குளிர்ந்த நிலையில் ஒழுங்காக வேலை செய்து, சூடானதும் மின்கசிவு காட்டும். இன்று விற்கப்படும் புதியவை எல்லாமே தரமானவை என்று சொல்ல முடியாது. ஆகவே, நன்றாக ஓடிப் பார்த்த ஒன்றை உபரியாகக் காரிலேயே வைத்திருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மெல்லிய எர்த் ஒயரையும் இழுத்துப் பாருங்கள்; எஞ்சினின் உறிஞ்சலுக்கேற்பப் பொறி வரும் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் தட்டு அசையும்போதெல்லாம் வளைந்து வளைந்து, மேலுறை கெடாமலே உள்ளே அறுந்திருக்கும்.

பாயிண்ட் இடைவெளி அக்காலக் கார்கள் பலவற்றில் 0.35 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும், உங்கள் காரின் கையேடு சொல்வதே முடிவு. சுழன்று பாயிண்டுகளைத் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் துண்டு தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் (பொறி வரும் நேரம்) பிந்திவிடும் என்பதால், இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். கேமில் சிறிதளவு கிரீஸ் போதும். அதிகமானால் தெறித்துப் பாயிண்டில் படியும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன்தான் வேண்டுமென்றால், உங்கள் காரில் பேட்டரியின் எந்த முனை எர்த் செய்யப்பட்டுள்ளது, அதாவது காரின் உலோக உடலோடு இணைக்கப்பட்டுள்ளது, என்பதை முதலில் பாருங்கள். பாசிட்டிவ் எர்த் கார்களில் தவறான யூனிட்டை இணைத்தால் அது எரிந்துபோகும். எப்போதாவது ஓடும் காருக்குப் பாயிண்டுகளே போதும் என்பது என் கருத்து. அவை பெரும்பாலும் முன்னறிவிப்போடு கெடும், சாலையோரத்தில் அரம் தேய்த்தும் ஓட்டிவிடலாம்.

கேள்வி: எஞ்சின் ஓடாதபோது இக்னிஷன் சாவியை ஆனில் விட்டால் பேட்டரி மட்டும்தானே தீரும்?

பதில்: இல்லை. பாயிண்டுகள் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் காயிலில் இடைவிடாமல் மின்சாரம் பாய்ந்து, அது சூடேறிக் கெட்டுவிடக்கூடும்.