2,000 லிட்டர் டேங்க் இருக்கட்டும், நாலாவது தண்டல் வேண்டாம்

கேள்வி: மண்டபம் பக்கம் இருக்கிறேன், வயது 34. கடன் முடிந்த டாடா ஏஸில் 500 லிட்டர் சின்டெக்ஸும் பிரஷர் வாஷரும் ஏற்றி விசைப்படகு, லாட்ஜ் முற்றம், மாடி சோலார் பேனல் எல்லாம் கழுவிக் கொடுக்கிறேன். மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 10 லிட்டர் இழுக்கும். பாதி வேலையில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. 2,000 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கும் சுடுதண்ணீர் மெஷினும் போடச் சொல்கிறார் மச்சான். அவர் நண்பர் பட்டறையில் மொத்தம் 3 லட்சம் ஆகும். ஃபைனான்ஸில் 'ஒரு ரூபாய் வட்டி', 36 மாதத் தவணை. ஸ்டீலா, பிளாஸ்டிக்கா? செலவு போக மாதம் 30,000 நிற்கிறது. படகுக்காரர்களிடம் 46,000 பாக்கி, பெரும்பாலும் மாமனார் வீட்டுச் சொந்தம். தினமும் தவணை கட்டும் தண்டல் கடன் தலா 20,000 வீதம் மூன்று ஓடுகிறது. இன்னும் 20, 45, 70 நாளில் முடியும். அடுத்ததற்கும் பேசி வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: டேங்க்கைப் பற்றிப் பத்து வரி எழுதிவிட்டுத் தண்டலைக் கடைசியில் சொருகியிருக்கிறீர்கள். அதனால் நானும் டேங்க்கை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 2,000 லிட்டர் என்றால் இரண்டு டன், டேங்க்கின் எடை தனி. உங்கள் வண்டி தாங்குவது முக்கால் டன் அளவுக்குத்தான். மெஷின், ஹோஸ், கூட வரும் பையன் எல்லாம் ஏறினால் 500 லிட்டரே கிட்டத்தட்ட எல்லை. அளவுக்கு மீறி ஏற்றிப் பிடிபட்டால் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். போதாததற்கு, பாதி காலியான பெரிய டேங்க்கில் தண்ணீர் அலையடித்து வண்டியையே சாய்க்கப் பார்க்கும். பாம்பன் பாலத்துக் காற்றில் வண்டி ஓட்டுகிறவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மச்சான் இதையெல்லாம் யோசித்தாரா என்று தெரியவில்லை. பட்டறைக்காரர் யோசித்திருக்க வேண்டும்.

ஸ்டீல் உங்கள் கடற்கரைக்குத் தேவையில்லை. பட்டறைகளில் சாதாரணமாகப் போடும் 304 ரகத்தில் உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் பட்டால் வெல்டிங் ஓரங்களில் புள்ளி புள்ளியாக அரிக்கத் தொடங்கும். 316 தாங்கும், ஆனால் விலை எகிறும். கறுப்பு பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, வெயில் உள்ளே புகாததால் பாசியும் பிடிக்காது. பழைய ஆயிரம் லிட்டர் கூண்டு டேங்க் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், முன்பு அதில் என்ன கெமிக்கல் இருந்தது என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் ஏன் பாதியில் தீர்கிறது? லாட்ஜிலும் வீட்டிலும் குழாய் இருந்தும் அதை டேங்க்கில் இணைக்காமல் வேலை செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குழாய் நிமிஷத்துக்கு 5 லிட்டர் கொடுத்தால்கூட, மெஷின் இழுக்கும் 10-ல் உங்கள் டேங்க்கிலிருந்து குறைவது 5 மட்டும். 500 லிட்டர் 50 நிமிஷத்துக்குப் பதில் 100 நிமிஷம் வரும். ஒரு ஹோஸ், ஒரு ஃப்ளோட் வால்வு, முடிந்தது. குழாயில்லாத படகுத்துறையில் 50 நிமிஷம்தான், ஆனால் ட்ரிகரை யாரும் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருப்பதில்லை. ஒன்றேகால் மணி நேர வேலை ஓடிவிடும்.

இப்போதுள்ள நெட்டைச் சின்டெக்ஸுக்குப் பதிலாக, படுத்த வாக்கில் இருக்கும் 250 லிட்டர் டேங்க் இரண்டு போடுங்கள். டேங்க்குக்கு ஒரு வால்வு, ஆங்கிள் சட்டம், இறுக்கமான பெல்ட். அலையடிப்பு குறையும். சோலார் வேலைக்குப் போகும்போது ஒன்றில் நல்ல தண்ணீர் மட்டும் வைத்துக்கொள்ளலாம், போர் தண்ணீரில் கழுவினால் பேனல் காய்ந்ததும் உப்புத் திட்டு நிற்கும். அதே நல்ல தண்ணீரை வேலை முடிவில் இரண்டு நிமிஷம் மெஷினுக்குள் ஓடவிட்டால் பம்பும் கூடுதல் காலம் உழைக்கும். எல்லாம் சேர்த்து 15,000 ஒதுக்குங்கள்.

சுடுதண்ணீர் மெஷின் யூடியூபில் பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். என்ஜின் அறை கிரீஸுக்கு நல்லது. படகுத் தளத்து உப்புக்கும் செதிலுக்கும் பச்சைத் தண்ணீர் போதும், மீன் ரத்தத்தில் சூடு பட்டால் வெந்து இன்னும் ஒட்டிக்கொள்ளும். பர்னருக்கு டீசல் வேறு தனியாக.

இனி அந்தக் கடைசி வரிகளுக்கு வருவோம். தண்டலில் 20,000 என்று எழுதுகிறார்கள், கையில் வருவது 17,000. நாளுக்கு 200 வீதம் 100 நாள். தினமும் அசல் கரைவதால் சராசரியாக உங்களிடம் இருக்கும் அவர்கள் பணம் 8,500தான். அதற்கு 100 நாளில் 3,000 வட்டி, வருஷக் கணக்கில் 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. மூன்று தண்டலுக்குச் சுற்றுக்கு 9,000. ஒன்று முடியும் முன்னே அடுத்ததை எடுத்தால் வருஷத்துக்கு மூன்றரைச் சுற்று, அதாவது 32,000 பக்கம். நான் சொன்ன டேங்க் செட் இரண்டு வாங்கலாம்.

இந்தப் பணம் எங்கே போகிறது? மூன்று தண்டலிலும் கைக்கு வந்தது 51,000. வெளியே பாக்கி 46,000. மாமனார் வீட்டுப் படகுகளுக்குத் தண்டல்காரரிடம் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு இது தெரியுமா என்பதுகூடச் சந்தேகம்.

இது எப்போது தொடங்குகிறது என்றும் ஊகிக்க முடிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையேறும், பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், கழுவும் வேலை உங்களுக்குக் குவியும். அதே சமயத்தில்தான் படகுக்காரர் கையில் காசே இருக்காது. 'கடலுக்குப் போனதும் தரேன் மாப்பிள்ளை' என்பார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் லாரிக்காரரும் டீசல் பங்க்கும் ஜூன் வரை பொறுக்கமாட்டார்கள்.

இதன் மேல் 3 லட்சம் கடனை ஏற்றிப் பாருங்கள். 'ஒரு ரூபாய் வட்டி' என்பது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதுவும் முழு அசலுக்கும் மூன்று வருஷமும், நீங்கள் கட்டக் கட்ட அது குறையாது. வட்டி 1,08,000, தவணை 11,333. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையில் 21 சதவீதம் வரும். தண்டலுக்கு மாதம் 18,000 போகிறது. இரண்டும் சேர்ந்தால் 29,333. நிற்பதோ 30,000. வீட்டுக்கு மிச்சம் 667 ரூபாய். அதோடு கடன் பாதுகாப்புக்கு என்று ஒரு இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் கடன் தொகையிலேயே பிடிக்கப் பார்ப்பார்கள், படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நகையை வைத்து மூன்று தண்டலையும் அடைத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வரும். செய்யாதீர்கள். தண்டலில் வட்டி முதல் நாளே பிடித்தாயிற்று. இப்போது முன்கூட்டிக் கட்டினால், அவர் தள்ளுபடி தராதவரை ஒரு பைசா மிச்சமில்லை, நகை வட்டிதான் கூடுதல். ஓடுவதை ஓடவிட்டு முடியுங்கள். பேசி வைத்திருக்கும் நாலாவதை மட்டும் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதல் தண்டல் 20-ம் நாள் முடிந்ததும் தினம் 200 மிச்சம். அதை வீட்டுச் செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் போடுங்கள். 45-ம் நாளுக்குள் 5,000. அடுத்த 25 நாளும் தினம் 400, அது 10,000. 70-ம் நாள் மூன்றாவதும் முடியும், டேங்க்குக்கு வேண்டிய 15,000-மும் கையில் இருக்கும். அதுவரை குழாய் இணைப்பை வைத்து ஓட்டுங்கள்.

தடைக்காலத்துக்கு ஒரே ஏற்பாடு. படகுக்கு 2,000 கூலி என்றால் அதில் 800 தண்ணீருக்கும் டீசலுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 800-ஐ முன்னாலேயே வாங்கிவிட வேண்டும், உங்கள் உழைப்புக்கான 1,200 ஜூன் கடைசி வரை நிற்கட்டும். மாமாவிடம் 'தண்ணிக் காசும் டீசல் காசும் மட்டும் கொடுத்துருங்க மாமா, என் கூலியை அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொள்கிறவரின் பாக்கி எவ்வளவு என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

அதற்கும் மேல் கைமுதல் தேவைப்பட்டால் அப்போது வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சின்ன நகைக்கடன் எடுக்கலாம். 10 சதவீத வட்டியில் 17,000-க்கு 100 நாளுக்கு 470 ரூபாய்தான் ஆகும். ஜூலையில் படகுப் பணம் வந்த அன்றே நகையை மீட்டுவிடுங்கள்.

பெரிய வண்டி ஆசை தப்பில்லை. அடுத்த ஒரு வருஷத்து வரவு செலவு நோட்டோடு வங்கியில் முத்ரா கடன் கேளுங்கள், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை உண்டு. மச்சானிடம் பட்டறை எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். எடை எவ்வளவு, ஸ்டீல் 304-ஆ 316-ஆ என்று அதில் எழுதச் சொல்லுங்கள்.