ஐடிலிங்கில் குலுங்கும் கார்: ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றும் முன்

வேளச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி: “2014 மாடல் பெட்ரோல் கார், 1.6 லிட்டர் இன்ஜின். சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் முள் 600க்கும் 900க்கும் நடுவே ஆடுகிறது. ஏசி போட்டால் சில நேரம் வண்டியே ஆஃப் ஆகிவிடுகிறது. செக் இன்ஜின் லைட்டும் எரிகிறது. ஏர் ஃப்ளோ சென்சார் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?”

இப்போதைக்கு வேண்டாம். சென்சார் கெட்டிருக்கலாம். ஆனால் சென்சாருக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் கிழிந்திருந்தாலும் வண்டி இதே மாதிரிதான் குலுங்கும். முள் ஆடாமல் நிலையாக நின்று வண்டி மட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்ட் மீது சந்தேகப்படலாம். உங்களுக்கு முள்ளே ஆடுவதால், காற்று, பெட்ரோல், ஸ்பார்க் மூன்றில் ஒன்றில்தான் சிக்கல்.

பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைப் பாருங்கள். அதிலிருந்து வெளியே வரும் குழாயில், நான்கைந்து ஒயர் போகும் கப்ளரோடு இருப்பதுதான் ஏர் ஃப்ளோ சென்சார். அது அங்கே இல்லையென்றால் உங்கள் வண்டியில் இருப்பது மேனிஃபோல்டு பிரஷர் சென்சார். நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் அதுதான். அந்த வண்டிக்கு இனி சொல்லப்போகும் சென்சார் சோதனை பொருந்தாது.

இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதன் உள்ளே மெல்லிய கம்பியோ தகடோ சூடாகவே இருக்கும். சூடான டீயை ஊதினால் ஆறுவதுபோல, உள்ளே போகும் காற்று அதைக் குளிரவைக்கிறது. சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு கரண்ட் தேவைப்படுகிறது என்பதை வைத்து இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) காற்றைக் கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை விடுகிறது. கம்பியில் தூசு படிந்தால் கணக்கு தப்பும். சென்சாரைத் தாண்டி, கிழிசல் வழியாகத் திருட்டுத்தனமாகக் காற்று நுழைந்தாலும் கணக்கு தப்பும்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஸ்கேனர். டிரைவர் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் கருவியைச் செருகினால் செல்போனிலேயே பார்க்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசியை அணைத்துவிட்டு, ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) காற்றின் அளவைப் பாருங்கள். 1.6 லிட்டருக்கு நொடிக்கு ஏறக்குறைய 2 முதல் 4 கிராம் வரலாம். அதைவிட முக்கியமானது ஃபியூயல் ட்ரிம்: கணக்கைச் சரிக்கட்ட இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்), குறைக்கிறது (மைனஸ்) என்பது. குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் இரண்டையும் கூட்டுங்கள். வரும் தொகை பிளஸ், மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலிங்கில் பிளஸ் 20க்கு மேல் போய், ஆக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5க்குக் கீழ் இறங்குகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஏர் லீக்தான். ஐடிலிங்கில் ஓரளவு சரியாக இருந்து, ரோட்டில் வேகம் எடுக்கும்போது பிளஸ் பக்கம் ஏறிக்கொண்டே போனால் சென்சார் குறைத்துக் காட்டுகிறது, அல்லது பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கிறது.

ஏர் லீக் தேடும்போது, சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் பாகம்) நடுவே உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் புதுசு போலவே இருக்கும். கிழிசல் அடிப்பக்க மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். இன்ஜின் அசையும்போது மட்டும் வாய் திறக்கும். தெருவில் நிறுத்தும் வண்டியென்றால் எலி கடித்த தடமும் தேடுங்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் புகையை மறுபடி உள்ளே இழுக்கும் குழாய்) இரண்டையும் விட்டுவிடாதீர்கள். லீக் கண்டுபிடிக்க, ஓடும் சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டர் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம்.

லீக் இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: கப்ளரின் ஒரு பின்னில் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் பழுது ஒயரிங்கில். புது சென்சார் போட்டும் பயனில்லை. வோல்டேஜ் வகை சென்சாரில் சிக்னல் ஒயர் ஐடிலிங்கில் 1 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் தடங்கலில்லாமல் 3 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். (சில சென்சார்கள் ஃப்ரீக்வென்சியாக அனுப்பும், அதற்கு ஸ்கேனரையே நம்புங்கள்.) ஊசியால் ஒயரைக் குத்தி அளக்க விடாதீர்கள். அந்தத் துளை வழியே நம் ஊர் மழைத் தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்துவிடும். கப்ளரின் பின்பக்கமாக புரோபை நுழைத்தால் போதும். அப்புறம், இன்ஜின் ஓடும்போதே ஸ்க்ரூடிரைவர் பிடியால் சென்சாரை லேசாகத் தட்டுங்கள். தட்டும்போதெல்லாம் இன்ஜின் தடுமாறினால் உள்ளே லூஸ் கனெக்‌ஷன்.

கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் குறுக்குவழி. சாவியை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். இசியூ தோராயக் கணக்கில் ஓட்டும். ஐடிலிங் சரியானால் சென்சார் மேல் சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவுதான். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சென்சார்தான் என்று தெரிந்தாலும் முதலில் சுத்தம் செய்யுங்கள். ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடியுங்கள். துணி, விரல், பிரஷ் எதுவும் கம்பியில் படக்கூடாது. முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். எண்ணெய் பூசிய ஃபில்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெயே கம்பியில் ஒட்டும்; சாதா பேப்பர் ஃபில்டருக்கு மாறிவிடுங்கள்.

அதற்கும் சரியாகாவிட்டால் மாற்றலாம். சென்னை ஜிபி ரோட்டு ஸ்பேர்ஸ் கடையில் வாங்கினாலும் கம்பெனி சர்வீஸில் வாங்கினாலும் பழைய சென்சாரைக் கையோடு கொண்டுபோய், பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டூப்ளிகேட் சென்சார் வெளித்தோற்றத்தில் அப்படியே இருக்கும், அளவு மட்டும் தப்பாகச் சொல்லும். புதுப்பேட்டையின் பழைய ஸ்பேர்ஸில் இதை மட்டும் வாங்காதீர்கள். மாட்டியதும் இசியூவில் பதிவான பழுதுக் குறியீட்டை (எரர் கோட்) ஸ்கேனரால் அழித்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டி, ஃபியூயல் ட்ரிம்மை மறுபடி பாருங்கள்.