ழூல் மிஷ்லே: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழூல் மிஷ்லேயை (1798–1874) நான் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அவரைப் பற்றி நீங்கள் கேட்டவற்றில் ஒரேமாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் இவர்?

பாரிஸில் அச்சகம் நடத்திய ஓர் ஏழையின் ஒரே மகன். அந்த அச்சகம் இருந்தது கைவிடப்பட்ட ஒரு பழைய தேவாலயத்தில். சிறுவயதிலேயே அப்பாவுக்கு உதவியாக அச்சுக்கோத்தார். "எண்ணங்களைக் கோப்பதற்கு முன்பே எழுத்துகளைக் கோத்தவன் நான்" என்று பின்னாளில் எழுதினார். நெப்போலியன் அரசு அச்சகங்களின் எண்ணிக்கையைக் குறைத்தபோது அப்பாவின் தொழில் படுத்துவிட்டது. அதன் பிறகும் படித்து, 1838இல் பாரிஸின் புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான கொலேழ் த பிரான்ஸில் பேராசிரியர் ஆனார். 1833இல் தொடங்கிய 'பிரான்ஸின் வரலாறு' முடிந்தது 1867இல்.

கேள்வி: வறுமையில் வளர்ந்தது அவர் எழுத்தில் தெரிகிறதா?

நன்றாகவே தெரிகிறது. 1846இல் வந்த 'மக்கள்' என்ற நூலின் முன்னுரையில் ஒரு காட்சி வரும். ஒரு வியாழக்கிழமை காலை. வெளியே எல்லாம் பனி, வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, ராத்திரிக்கு ரொட்டி உண்டா என்பதும் தெரியாது. குளிரில் வெடித்த கையால் பையனாக இருந்த மிஷ்லே ஓக் மர மேசையை ஓங்கித் தட்டுகிறான். எதிர்காலம் தன்னுடையது என்ற ஒரு மகிழ்ச்சி அவனுக்குள் எழுகிறது. அந்த வெடிப்பின் தழும்பு கையில் கடைசிவரை இருந்தது என்று மிஷ்லே சொல்கிறார். வரலாற்றில் சாதாரண மக்களை எங்கே பார்த்தாலும் அவருக்கு அந்தக் கை நினைவுக்கு வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: வரலாறு என்பது உயிர்த்தெழச் செய்வது என்றாராமே. அது வெறும் அலங்காரப் பேச்சா?

இல்லை, அவர் பார்த்த வேலையிலிருந்து வந்த பேச்சு. 1830 முதல் பிரான்ஸின் தேசிய ஆவணக் காப்பகத்தில் வரலாற்றுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். அந்த நீண்ட கூடங்களில் அமைதிக்குள் ஒரு முணுமுணுப்பு கேட்டதாக எழுதுகிறார். அந்தத் தாள்கள் வெளிச்சத்துக்கு வரத் துடித்தனவாம். தூசியை ஊத ஊத, அவற்றுக்குள்ளிருந்து மனிதர்கள் எழுந்து வந்தார்களாம். மன்னர்களைப் பற்றி எழுத ஏற்கெனவே ஆள் இருந்தது. பெயரில்லாமல் செத்தவர்களுக்காக யாராவது பேச வேண்டும், அது தன் கடமை என்று அவர் நினைத்தார்.

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சி பற்றி எத்தனையோ நூல்கள் இருக்கும்போது இவருடையதை ஏன் படிக்க வேண்டும்?

இரண்டு காரணம் சொல்கிறேன். முதலாவது, ஆதாரம். பாரிஸ் நகர மண்டபத்தில் இருந்த புரட்சிக்காலப் பதிவேடுகளை அவர் நேரில் பார்த்து எழுதினார். 1871 மே மாதம், பாரிஸை இரண்டு மாதம் ஆண்ட புரட்சி அரசான பாரிஸ் கம்யூனின் கடைசி நாட்களில், அந்த மண்டபமே எரிந்துபோனது. அவர் படித்த தாள்களில் பல இன்று உலகில் எங்குமே இல்லை.

இரண்டாவது, 'பிரெஞ்சுப் புரட்சியின் வரலாறு' என்ற அவர் நூலின் ஏழு தொகுதிகளிலும் (1847–1853) கதாநாயகர் மக்கள்தான். தலைவர்கள் வருவார்கள், போவார்கள். 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு மன்னர் இருந்த வெர்சாய்க்கு நடந்த பெண்கள் வரும் பக்கங்களைப் படித்துப் பாருங்கள், சேறும் மழையும் நம் காலில் படும். முன்னுரையில் புரட்சிக்கு நினைவுச்சின்னம் எது என்று தேடுகிறார். நெப்போலியனின் பேரரசுக்கு வெற்றித்தூண் இருக்கிறது, மன்னராட்சிக்கு லூவ்ர் மாளிகை இருக்கிறது, பழைய திருச்சபைக்கு நோத்ர்தாம் பேராலயம் இருக்கிறது. புரட்சிக்கு மிஞ்சியது ஷான் த மார்ஸ் திடல் மட்டும், அரேபியாவைப் போலத் தட்டையான மணல்வெளி. 1790 ஜூலை 14இல் நாடெங்கிலுமிருந்து வந்த மக்கள் ஒன்றாய் நின்று உறுதிமொழி எடுத்த அந்த இடத்தில், காய்ந்த புல்மேல் அவர் உட்கார்ந்திருக்கிறார். அதே முன்னுரையில்தான் 48 வருடம் தன்னோடு வாழ்ந்த அப்பா இறந்துவிட்டதையும் சொல்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

கேள்வி: அரசியலால் வேலை போனதா?

ஆமாம். 1851இல் அவருடைய வகுப்புகளை நிறுத்தினார்கள், மறுவருடம் பதவியிலிருந்தே நீக்கினார்கள். 1851இல் ஆட்சியைக் கைப்பற்றிய லூயி நெப்போலியனுக்கு (முதல் நெப்போலியனின் தம்பி மகன்) விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் காப்பக வேலையும் போயிற்று. நாந்த் நகருக்குக் குடிபெயர்ந்து, புரட்சியின் பயங்கர ஆட்சிக் காலத்தை (1793–94இல் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட காலம்) அங்கே உட்கார்ந்து எழுதினார்.

கேள்வி: 'மறுமலர்ச்சி' (Renaissance) என்ற சொல் அவர் உண்டாக்கியதா?

சொல் முன்பே இருந்தது, பெரும்பாலும் கலையைப் பற்றிப் பேசும்போது. 1855இல் 'பிரான்ஸின் வரலாறு' நூலின் ஏழாம் தொகுதிக்கு அதையே தலைப்பாக வைத்து, ஒரு முழுக் காலகட்டத்துக்கே பெயராக்கினார்.

கேள்வி: குறைகளே இல்லையா?

இருக்கின்றன, மறைக்க மாட்டேன். 1833–1844இல் இடைக்காலத்தை அன்போடு எழுதியவர், பத்து வருடம் கழித்து அதையே இருட்டு என்று வெறுத்தார். 'சூனியக்காரி' (1862) படிக்கப் படிக்க நம்மை இழுக்கும், ஆனால் அதில் கற்பனை எங்கே முடிகிறது, ஆதாரம் எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது கஷ்டம். பெண்ணை நோயாளியாகவே பார்க்கும் 'காதல்' (1858) என்ற நூலை என்னால் முழுதாக ஏற்க முடிந்ததில்லை.

கேள்வி: இந்தியாவைப் பற்றி ஏதாவது எழுதினாரா?

எழுதினார். 1864இல் வந்த 'மனிதகுலத்தின் வேதம்' இந்தியாவில்தான் தொடங்குகிறது. 1863ஆம் ஆண்டு தனக்கு என்றும் இனியது, ஏனென்றால் அந்த வருடம்தான் ராமாயணத்தை முதன்முதலாகப் படிக்க முடிந்தது என்கிறார். படித்தது பிரெஞ்சு மொழிபெயர்ப்பில். விலங்குகளிடமும் மரங்களிடமும் அந்தக் காவியம் காட்டும் பரிவு அவரைக் கட்டிப்போட்டது. அதற்கு முன்பே பறவை, பூச்சி, கடல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் எழுதியவர் அல்லவா!

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்ட பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் பற்றிய பகுதியிலிருந்து. 1841இல் 'பிரான்ஸின் வரலாறு' நூலின் ஐந்தாம் தொகுதியில் வந்தது, பிறகு தனி நூலாகவும் கிடைத்தது. சின்னதுதான், சில நாளில் முடித்துவிடலாம். அப்புறம் அதே நூலுக்கு 1869இல் எழுதிய முன்னுரை. சுமார் 40 வருட உழைப்பும் மன்னர் பத்தாம் சார்லஸை வீழ்த்திய 1830 ஜூலைப் புரட்சியின் ஒரு மின்னலில் கருவானது என்று அதில் சொல்கிறார். அதற்குப் பிறகு 'பிரெஞ்சுப் புரட்சியின் வரலாறு' நூலின் ஏழு தொகுதிகளை எடுங்கள், அவசரப்படாமல்.