புகைவிடும் எஞ்சினும் கார் விற்பனையும்

அன்புள்ள ஐயா,

எங்களிடம் 2003ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 121 ஒன்று இருக்கிறது. கணவர் தோஹாவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் அதை விற்கப் பார்க்கிறோம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வருகிறது, ஒயிலும் குறைகிறது. எஞ்சினை இறக்கி ரிங் மாற்ற வேண்டும், 3 இலட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள் கராஜில். பார்க்க வந்த தரகர் 8 இலட்சம் குறைத்துக் கேட்கிறார். தடித்த ஒயிலை ஊற்றி விற்றுவிடச் சொல்கிறார் மைத்துனர். திருத்திவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

3 இலட்சத்தைச் செலவழித்தால் 8 இலட்சத்தைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். கராஜ்காரர் சொன்னது கூலியும் சாமான் விலையும். தரகர் குறைத்ததில் பெரும்பகுதி, எஞ்சினுக்குள் என்ன பழுது என்று தெரியாத பயத்துக்கான விலை. அந்தப் பயம் எஞ்சினைத் திருத்தியதும் போய்விடாது. புதிதாகத் திறந்து மூடிய எஞ்சினைக் கண்டால், எதை மறைக்க இதைச் செய்தார்கள், யார் கையால் செய்தார்கள் என்று வாங்குபவர் கேட்பார். ஆகவே பெரிய வேலையைச் செய்துவிட்டு விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் பழுது எது என்று உறுதிசெய்யுங்கள். அப்படி ஒரு சோதனை நடந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

இரவு முழுக்க நின்ற கார் காலையில் ஒருமுறை நீலமாகப் புகைந்து, ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிட்டால், வால்வு சீலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரப்பர் இறுகிப்போய், வால்வுத் தண்டு வழியாக ஒயில் இரவில் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். கடுகண்ணாவ ஏற்றம் போன்ற இடத்தில் அழுத்தி ஓட்டும்போதும் புகை தொடர்ந்து வந்தால், பிஸ்டனைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சீல் மாற்ற எஞ்சினைக் கீழே இறக்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக்கூடக் கழற்றாமல் செய்துவிடுவார். நீங்கள் எழுதியிருப்பது காலைப் புகையை மட்டுமே என்பதால், ரிங் என்ற முடிவுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்று நிச்சயம் கேளுங்கள்.

கேட்பதோடு நிற்காமல், வேறொரு கராஜில் கம்பிரஷன் சோதனை செய்வியுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தி அளப்பார்கள். கழற்றிய பிளக்குகளையும் வாங்கிப் பாருங்கள். எதன் நுனி கறுத்து ஒயில் பிடித்திருக்கிறதோ அந்தச் சிலிண்டரில்தான் ஒயில் எரிகிறது. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி ஒயிலை விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். முள் நன்றாக ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ ஹெட்டின் அடியிலுள்ள கேஸ்கட்டிலோ. நான்கு அளவும் நெருங்கியிருந்து காலையில் மட்டும் புகைந்தால் வால்வு சீலை மாற்றிவிட்டு விற்கலாம். அது மிதமான செலவு. வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் சிக்கல் குறையும்.

ரிங் என்றே தெரியவந்தால் திருத்தாமல் விற்றுவிடுங்கள். அளவுகளை எழுதி வாங்கி, வருபவர் கையில் கொடுங்கள். விலையை 3 இலட்சத்தை ஒட்டிக் குறைக்கச் சம்மதியுங்கள். 8 இலட்சத்துக்குச் சம்மதிக்க வேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வந்திறங்கும் கார்களின் வரியும் விலையும் எட்டாத உயரத்தில் இருப்பதால், வெளிக்கூடு (பொடி) நல்ல நிலையில் உள்ள பழைய கொரோலாவை, எஞ்சின் வேலை இருக்கிறது என்று தெரிந்தே வாங்குபவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். தெரிந்த கராஜ் உள்ள ஒருவர் கிடைக்கும்வரை பொறுத்திருப்பது உங்களுக்கு நல்லது.

கார் ஓடவே முடியாத நிலையில் இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். ஓட்டிப் பார்க்க முடியாத காரைத் தரகரைத் தவிர யாரும் நெருங்கமாட்டார்கள். அப்போது திருத்தத்தான் வேண்டும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. ஒழுங்கான பத்திரங்களோடு வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதியாவிட்டால், பெயர் மாற்றும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மைத்துனர் சொன்ன வழி மட்டும் வேண்டாம். தடித்த ஒயில் சில நாளைக்குப் புகையை அடக்கலாம். உங்கள் காரில் 1500 சீசீ எஞ்சினாக இருந்தால் அதன் வால்வு நேரத்தை மாற்றும் பகுதி ஒயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. தடித்த ஒயில் அதற்கு ஏற்றதல்ல. அதைவிட, சேமிப்பையெல்லாம் திரட்டி வாங்கிய ஒரு குடும்பம் இரண்டு வாரத்தில் உங்கள் வாசலில் வந்து நிற்கும். அவர்களுக்கு அதைச் செய்யாதீர்கள்.

சோதனை முடிந்ததும் நான்கு சிலிண்டரின் அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். என்ன விலை சொல்லலாம் என்று அதைப் பார்த்து எழுதுகிறேன்.