பெல்ட் இருக்கட்டும், பையை யார் தூக்குவது?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆபரேஷன் இப்போது வேண்டாம், பிரேஸும் உடற்பயிற்சியும் போதும் என்றார் டாக்டர். ஆன்லைனில் முட்டி பெல்ட் வாங்கிக் கொடுத்து இரண்டு வாரமாகிறது, பலனில்லை. பயிற்சி செய்யச் சொன்னால் கேட்பதில்லை. ஐந்தாவது படிக்கும் என் மகனை ஸ்கூல் வேனிலிருந்து கூட்டிக்கொண்டு, அவன் பையோடு படி இறங்கி வரும்போதுதான் வலி அதிகம் என்கிறார். இதைவிட நல்ல பிரேஸ் எது?
— வாசகர், கோத்தகிரி

பதில்: பிரேஸுக்குப் பிறகு வருகிறேன். அந்தப் பையை ஏன் உங்கள் அம்மா தூக்குகிறார்?

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் பக்கம் பாதி வீடுகள் ரோட்டுக்குக் கீழே, படிக்கட்டு இறங்கித்தான் போக வேண்டும். தேய்ந்த முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பல பேருக்குக் கொடுமை. உடம்பை மெல்லக் கீழே இறக்குவது முன்தொடைத் தசையின் வேலை. அது வலுவிழந்திருந்தால் மூட்டுதான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. எடையைக் குறை என்று அம்மாவிடம் சொல்வீர்கள், மகனின் புத்தகங்களை அவர் தோளிலேயே ஏற்றுவீர்கள். பத்து வயதுப் பையன் கை வீசி நடக்க, பாட்டி பை சுமப்பதா? அவன் பையை அவன் தூக்கட்டும், பாட்டிக்குக் கையும் கொடுக்கட்டும். பெரியவர்களைத் தாங்க இந்த வயதில் பழகாதவன் நாளை உங்களையும் தாங்க மாட்டான்.

இனி பிரேஸ். கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் பெல்ட் கதகதப்பும் தைரியமும் தரும், அவ்வளவுதான். கால் வில்போல வளைந்து மூட்டின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், பக்கவாட்டில் கம்பி வைத்துப் பாரத்தை வெளிப்பக்கம் தள்ளும் பிரேஸ் சிலருக்கு உதவும். அதைக் காலை அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். நடக்கும்போது போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். எந்த பிரேஸும் தசையை வளர்க்காது. பயிற்சிதான் வளர்க்கும்.

அம்மா கேட்பதில்லை என்கிறீர்கள். ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்தீர்களா? ராத்திரி டிவியை அணைத்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. அதை முட்டியால் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். காலுக்குப் பத்து முறை. எண்ணுவது நீங்கள். அது பழகியபின் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. செய்யும்போது லேசாக வலித்தால் பயமில்லை; மறுநாளும் அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், இரண்டு வாரத்தில் கைவிடாதீர்கள். படிக்கு ஊன்றுகோல் நல்லது, அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைக் கொடுங்கள். வலி மாத்திரையை நீங்களாக வாங்கித் தினமும் கொடுக்காதீர்கள், வயிறும் சிறுநீரகமும் கெடும். முட்டி சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ அன்றைக்கே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.