மாமா கொண்டுவரும் கேமிங் லப்டொப்பா, பாவித்த திங்க்பேட்டா?

கேள்வி: கம்பஸில் இரண்டாம் வருடம் கணினி படிக்கிறேன். உபுண்டு (லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்று) போட்டுப் பாவிக்க ஒரு லப்டொப் தேவை. கனடாவில் இருக்கும் மாமா, என்விடியா கிராபிக்ஸ் கார்ட் உள்ள கேமிங் லப்டொப் ஒன்றை வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறார். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் பாவித்த திங்க்பேட் டி480 இருக்கிறது. எதை எடுக்கலாம்?
– மாணவி, கோண்டாவில்

பதில்: மாமாவின் மனம் நோகாமல் சொல்லப் பாருங்கள். என் தெரிவு அந்தப் பழைய திங்க்பேட்தான். விலைக்காகச் சொல்லவில்லை. காசு கொடுக்கும் முன்னமே அதில் லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். மாமாவின் பெட்டியை இங்கே வந்த பிறகுதான் திறக்கப் போகிறீர்கள்.

நான் ஒருமுறை அப்போதுதான் வந்த மொடல் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி உபுண்டு போட்டேன். திரை சரி, சத்தம் சரி, வைஃபை மட்டும் இல்லவே இல்லை. அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள் இன்னும் வந்திருக்கவில்லை. டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும்! கடைசியில் போனை யூஎஸ்பி வயரில் கொழுவி, அதன் டேட்டாவில் சமாளித்தேன்.

என்விடியா லினக்ஸில் வேலை செய்யாது என்றில்லை. ஆனால் அதன் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். கேர்னல் அப்டேட்டுக்குப் பிறகு சிலவேளை கறுப்புத் திரைதான் வரும். ஏஐ மொடல் ஓட்டும் பாடம் இருந்தால் அந்தத் தொல்லையைத் தாங்கலாம். மற்றபடி இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸே போதும், அவற்றின் டிரைவர் கேர்னலோடு வருகிறது.

டி480 2018இல் வந்தது. பெரும்பாலானவற்றில் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, அதற்குள் நான்கு கோர். முந்திய டி470இல் இரண்டு கோர்தான், ஆகவே விலை குறைவென்று அதற்கு இறங்க வேண்டாம். பெயருக்குப் பின்னால் 'எஸ்' இருக்கிறதா என்றும் பாருங்கள்: டி480எஸ்ஸில் றாமின் ஒரு பகுதி போர்டோடு ஒட்டியிருக்கும், டி480இல் இரண்டு றாமையும் கழற்றி மாற்றலாம்.

கடைக்குப் போகும்போது உபுண்டு ஏற்றிய பென் டிரைவைக் கொண்டுபோங்கள். முதலில் லப்டொப்பைப் போட்டவுடன் எஃப்1 அழுத்தி, பயோஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் விட்டுவிடுங்கள். ஏதோ கம்பனியில் பூட்டியது, திறப்பது பெரிய பாடு. அப்புறம் எஃப்12இல் பென் டிரைவைத் தெரிந்து, இன்ஸ்டால் செய்யாமல் சும்மா ஓட்டுங்கள். வைஃபையைப் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணையுங்கள். கமரா, மைக், ஹெட்போன் துளை எல்லாம் பாருங்கள். மூடியைச் சாத்தி, இரண்டு நிமிடம் கழித்துத் திறவுங்கள். விழிக்காமல் கிடந்தால் யோசிக்க வேண்டிய விஷயம். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். டி480க்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பற்றரி. வெளியே உள்ளதை லேசாக மாற்றலாம், உள்ளே இருப்பதற்கு அடிமூடியைக் கழற்ற வேண்டும்.

கைரேகை வாசிப்பான் மட்டும் உபுண்டுவில் போட்டவுடன் வேலை செய்யாது. நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

பென் டிரைவ் போட விடமாட்டோம் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். மாமா வெறுங்கையோடு வரமாட்டேன் என்று நின்றால், 16 ஜிபி டிடிஆர்4 லப்டொப் றாம் ஒன்று கேளுங்கள். சட்டைப் பைக்குள்ளேயே அடங்கிவிடும்.